முழங்காலுக்குக் கீழே

மனித குலத்தில் கருத்துடையார் என்று ஒரு வகை இருக்கிறது. உங்கள் ஊரிலும் இருக்கும். தேடிப் போக வேண்டாம், அதுவே வந்து சேரும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள், தண்ணீரைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருக்கும். வந்த தண்ணீர் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று சொல்லுங்கள், அதைப் பற்றியும் இருக்கும். குழாயை மட்டும் தொட மாட்டார். குழாய் வேறு, கருத்து வேறு. குழாயைத் திருகினால் கை அழுக்காகும். கருத்தைச் சொன்னால் கைதட்டுவார்கள்.

இந்த இனம் எந்த மண்ணிலும் முளைக்கும் என்றாலும், நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பினால்தான் செழித்துக் காய்க்கிறது. ஜாவாவின் வடகரையில், கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிற எங்கள் சந்துக்கு வாய்த்தவர் பாக் முல்யாத்மோ. பாக் என்றால் எங்கள் ஊரில் ஐயா, இபு என்றால் அம்மா. நான் அந்தச் சந்தின் தெருக் குழுச் செயலாளர். பதினோரு வருடமாக அவருக்குக் கடிதம் எழுதுகிறவன். ஆகவே அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. இல்லாவிட்டாலும் பேசுவேன்.

பாக் முல்யாத்மோ நல்ல உயரம். இளமையில் வட்டார வாலிபால் அணியில் வலைக்குப் பக்கத்தில் நின்றவர். பாத்திக் சட்டை, கறுப்புத் தொப்பி, இரண்டு கைபேசி. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், புதுக் கடை திறக்கிற இடத்தில், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து செருப்புத் தேடுகிற கூட்டத்தில், எங்கே யார் எதைச் சொல்லி அங்கலாய்த்தாலும் உடனே கண்ணை மூடி, இரண்டு முறை தலையை ஆட்டி, "என்னோட கருத்து என்னன்னா" என்று தொடங்குவார். தொடங்குவதுதான் தெரியும். குப்பை வண்டி வரவில்லையா? மக்களின் மனப்பான்மை மாற வேண்டும். கொசுவா? கொசு நமக்கு முன்னாலிருந்தே இங்கே வசிக்கிறது, அதையும் யோசிக்க வேண்டும். தெருவிளக்கு எரியவில்லையா? எரிந்த காலத்தில் நாம் அதைப் போற்றினோமா? கேட்டவர் தான் என்ன கேட்டோம் என்பதை மறந்து, விளக்கிடம் நன்றி காட்டாமல் இருந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு வீட்டுக்குப் போவார். நானே போயிருக்கிறேன்.

எங்கள் பெரிய கஷ்டம் கடல். எங்கள் மண் வருடா வருடம் கொஞ்சம் தாழ்கிறது, கடல் கொஞ்சம் ஏறுகிறது, இரண்டும் சந்திக்கிற இடத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். கடலேற்றம் வருகிற நாட்களில் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து, சந்தில் படுத்து, அடுப்படிவரை எட்டிப் பார்க்கும். வீட்டுத் தரையை மண் கொட்டி உயர்த்துவோம். மறுபடி உயர்த்துவோம். தரை ஏறும், கூரை ஏறாது. ஆகையால் எங்கள் வீடுகளில் கதவுகள் குள்ளமாகிக்கொண்டே வருகின்றன. சந்தில் தலை குனியாமல் தன் வீட்டுக்குள் நுழைகிற ஒரே ஆள் இபு வார்த்தினி. அவள் நாலே முக்கால் அடி.

வார்த்தினி மீன் வடகம் போடுகிறவள். மாவைப் பிசைந்து, அவித்து, சீவி, மூங்கில் தட்டியில் வெயிலுக்கு வைப்பாள். தரையில் வைக்க வழியில்லாமல் பெஞ்சின் மேல் வைத்தாள். பிறகு பெஞ்சின் மேல் பெஞ்சு போட்டு, தானே ஏறி வைத்தாள். அதெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது அவள் கணவர் கார்யாதியின் கால். அவருக்குச் சர்க்கரை வியாதி. வைகாசி வெயிலில் வந்த ஏற்றத்தில் எதையோ மிதித்து உள்ளங்காலில் புண். சுகாதார நிலையத்து நர்ஸ் கட்டுப்போட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "கால் ஈரமாகவே கூடாது. ஆச்சுன்னா விரலு போகும், அப்புறம் பாதம் போகும்." எங்கள் சந்தில் ஈரமில்லாத இடம் கட்டில் ஒன்றுதான். கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தி, கார்யாதியை அதில் ஏற்றிவிட்டாள். மூன்று வாரமாக அவர் தரையில் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகச் சந்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வாய்க்கால் முகத்தில் ஒரு பம்ப் இருக்கிறது. பெரிய பம்ப், நல்ல பம்ப். மதகை அடைத்து அதை ஓட்டினால் அரை நாளில் சந்து தெரியும். ஆனால் அதை ஓட்ட ஒரு காகிதம் வேண்டும். "இந்த வட்டத்தில் வெள்ளம்" என்று வட்டத்தின் மன்ற உறுப்பினர் கையெழுத்துப் போட வேண்டும். இங்கேதான் சிக்கல். போன தேர்தலுக்கு முன்பு பாக் முல்யாத்மோ சந்து முனையில் தன் முகத்தோடு ஒரு பலகை நட்டிருந்தார்: வெள்ளமில்லா வட்டம். பல் தெரியச் சிரிக்கிற பலகை. வெள்ளம் இல்லாத வட்டத்தில் வெள்ளம் என்று அவரே எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

ஆகவே அது வெள்ளம் இல்லை என்பது அவர் கருத்து.

இதை அவர் எங்கள் தெருக் குழுக் கூட்டத்துக்கு வந்தே சொன்னார். சோயாவைப் புளிக்கவைத்துப் பொரித்த தெம்பேயும் காப்பியும் வைத்திருந்தோம். ஒவ்வொன்றையும் பொறுமையாகச் சாப்பிட்டுவிட்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டினார்.

"என்னோட கருத்து என்னன்னா, நாம வார்த்தையைப் பார்த்து உபயோகிக்கணும். வெள்ளம்னா அது பெரிய விஷயம். ஊரே பயந்துடும். இங்க இருக்கிறது தேக்கம். தண்ணி வருது, கொஞ்சம் தங்குது, போகுது. விருந்தாளி மாதிரி."

"விருந்தாளி மூணு வாரமா இருக்காரு பாக்" என்று பின்வரிசையிலிருந்து வார்த்தினி சொன்னாள்.

"அதனாலதான் இபு, முழுசா ஒரு பார்வை வேணும்ங்கறேன்."

"எனக்குப் பார்வை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பம்ப் எப்ப ஓடும்?"

"வெள்ளம் வந்தா ஓடும்."

"எது வெள்ளம்?"

"முழங்காலுக்கு மேல வந்தா வெள்ளம். கீழ இருந்தா தேக்கம். இது நான் சொல்றது இல்ல, விதி."

வார்த்தினி எழுந்து நின்றாள். எழுந்தது யாருக்கும் தெரியவில்லை, உயரம் அப்படி. "யாரோட முழங்கால்?" என்றாள்.

உண்மையில் அது நல்ல கேள்வி. பதினோரு வருடக் கடிதங்களில் எனக்குத் தோன்றாத கேள்வி. பாக் முல்யாத்மோ சிரித்தார்.

"சராசரி குடிமகனோட முழங்கால்."

"அவரு எந்த வீட்டுல இருக்காரு? நம்ம சந்துல நான் பார்த்ததில்ல."

இப்போது கூட்டமும் சிரித்தது. கருத்துடையாரின் ஒரு குணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: தனக்கு எதிராகச் சிரிப்பு கேட்டால் உடனே பெருந்தன்மை வந்துவிடும். அவருக்கும் வந்தது. நெஞ்சில் கை வைத்தார். "சரி. நான் உங்க பிரதிநிதி. என் முழங்காலையே உங்க முழங்காலா வெச்சுக்குங்க. அடுத்த பெரிய ஏற்றத்துக்கு நானே வந்து இந்தச் சந்துல நிக்கிறேன். என் முழங்கால் முங்கினா அந்த இடத்துலயே கையெழுத்து."

எல்லோரும் கைதட்டினோம். பிரதிநிதித்துவம் என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அன்றுதான் எனக்குப் புரிந்தது. வட்டத்திலேயே உயரமான முழங்காலை நாங்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தோம்.

அடுத்த வியாழக்கிழமை பெரிய ஏற்றம். காலையிலேயே அவர் உதவியாளர் குனார்சோ வந்து, தண்ணீர் குறைவாக இருந்த நேரத்தில், வார்த்தினி வீட்டுக்கு முன்னால் ஏதோ அளந்துகொண்டிருந்தார். கேட்டதற்கு, "இடம் பார்க்கிறேன்" என்றார். அரசியலில் இடம் பார்ப்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டோம்.

மதியம் இரண்டு மணிக்குப் பாக் முல்யாத்மோ வந்தார். உள்ளூர் இணையப் பத்திரிகைக்காரர் ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி பின்னால் வந்தார். பாக் முல்யாத்மோ வெளிர்நிறக் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் வரைக்கும் சுருட்டி, சந்தின் ஓரமாக, வீட்டுப் படிகளின் மேலேயே கால் வைத்துக் கால் வைத்து வந்தார். பிறகு வார்த்தினியின் பக்கத்து வீட்டுப் படியிலிருந்து காலால் துழாவித் துழாவி, ஒரே நீளமான எட்டில் ஓரிடத்தில் போய் நின்றார். நிமிர்ந்தார். தண்ணீர் அவர் முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே இருந்தது.

"பார்த்துக்குங்க" என்றார். "தேக்கம்."

கைபேசி முழங்காலுக்கு அருகே போய்ப் படம் எடுத்தது. நாங்கள் படிகளிலும் பெஞ்சுகளிலும் நின்று பார்த்தோம். கார்யாதி ஜன்னலில் இருந்து பார்த்தார். நாலு விரற்கடை. எவரும் மறுக்க முடியாது. மாநகரின் நீர்மேலாண்மை பற்றியும், மக்கள் பதற்றம் கொள்ளாமல் இருக்க வேண்டியதன் அவசியம் பற்றியும் பத்து நிமிடம் கருத்துச் சொல்லி முடித்தார். முடித்தவர் கிளம்பவில்லை. கைபேசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "போதும் தம்பி, அணைச்சுடு" என்றார். பத்திரிகைக்காரர், "நேரடி ஒளிபரப்பு பாக், நிறைய பேர் பார்க்கிறாங்க" என்றார். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் மகிழ்ச்சியும் கலக்கமும் ஒரே சமயத்தில் வந்ததை நான் கண்டேன். ஏன் கலக்கம் என்று அப்போது தெரியவில்லை.

வார்த்தினி கண்ணாடி டம்ளரில் காப்பி போட்டுக்கொண்டு படியில் வந்து நின்றாள். "பாக், காப்பி. ரெண்டு எட்டு வந்து வாங்கிக்குங்க."

எங்கள் ஊரில் நீட்டிய காப்பியை வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை. பாக் முல்யாத்மோ கையை நீட்டினார். எட்டவில்லை. இடுப்பை வளைத்து நீட்டினார். எட்டவில்லை. காலை மட்டும் அசைக்கவில்லை.

"அங்கேயே வைங்க இபு, அப்புறம் குடிக்கிறேன்."

"ஆறிப்போயிடும் பாக். ரெண்டு எட்டுதானே."

"பரவாயில்ல. நான் ஆறின காப்பிதான் குடிப்பேன்."

வார்த்தினி அவர் காலடியைப் பார்த்தாள். பிறகு கைலியை ஏற்றிச் செருகிக்கொண்டு, படியை விட்டுத் தண்ணீரில் இறங்கினாள். தண்ணீர் அவள் இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்தது. டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவள் குள்ளம் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் இவ்வளவு குள்ளமா? அவள் தலை அவர் வயிற்றுக்கு நேரே இருந்தது. அவள் காப்பியைக் கொடுத்தாள். கொடுத்தவள் ஒரு நொடி அப்படியே நின்றாள். அவள் கால் தண்ணீருக்குள் எதையோ தடவிப் பார்ப்பது தோள் அசைவில் தெரிந்தது.

இரண்டு சிமெண்ட் கல். பக்கத்தில் பக்கத்தில். காலுக்கு ஒன்று.

இதை அவள் பிறகுதான் என்னிடம் சொன்னாள். அந்த நேரத்தில் அவள் யாருக்கும் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவர் காப்பி டம்ளரோடு குனிந்து பார்த்தார். அவர் கண்களில் அப்போது எந்தக் கருத்தும் இல்லை. வார்த்தினி மெதுவாகத் திரும்பிப் படிக்கு வந்து, உரக்கச் சொன்னாள்: "பாக் இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. வெள்ளத்தைப் பத்தி மட்டும் பேசிட்டுப் போனா எப்படி? குப்பையைப் பத்தி அவங்க கருத்து என்னன்னு கேட்போமே."

அவருக்கு வேறு வழி என்ன? இறங்கினால் தண்ணீர் தொடைக்கு வரும், ஊர் பார்க்கிறது. நின்றால் பேச வேண்டும். குப்பையைப் பற்றிப் பேசினார். கால் மணி நேரம். முடிகிற சமயத்தில் வார்த்தினி எதிர்ப்படியில் இருந்த இபு சுமியேமைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். சுமியேமுக்கு விவரம் தெரியாது, கண்ணைக் காட்டினால் போதும். "பாக், கொசுவைப் பத்தி?" என்றாள். கொசு கால் மணி. அடுத்த வீட்டுக்காரி தெருவிளக்கைக் கேட்டாள். அதற்கடுத்தவள் பள்ளிக்கூடக் கழிப்பறையை. தெருவில் திரிகிற கோழிகளைப் பற்றி ஒருத்தி கேட்டாள். சந்திலிருந்த பெண்கள் இத்தனை மரியாதையோடு, இத்தனை கவனத்தோடு ஒரு மன்ற உறுப்பினரின் கருத்துகளைக் கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரும், பாவம், கொஞ்ச நேரத்துக்கு அதை நம்பிவிட்டார். கோழிகள் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு கனிவு வந்தது. கையை வீசிப் பேசினார். காப்பியில் பாதி கடலில் கலந்தது.

கடல் யாருடைய கருத்தையும் கேட்கவில்லை. அது தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. நாலு விரற்கடை மூன்றாயிற்று. மூன்று இரண்டாயிற்று. சுருட்டிய கால்சட்டையின் விளிம்பில் ஒரு கறுத்த கோடு படர்ந்தது. மூன்றரை மணிக்கு இளைஞர்களின் எதிர்காலம் பற்றி அவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது, ஜன்னலிலிருந்து கார்யாதி கேட்டார். இத்தனை நேரம் வாய் திறக்காதவர், சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பாக், உங்க முழங்கால் எங்க?"

எல்லோரும் பார்த்தோம். கைபேசியும் பார்த்தது. முழங்கால் இல்லை.

கருத்துடையாரை நான் கேலி செய்கிறேனே தவிர, அவர்களிடம் ஒரு திறமை இருப்பதை மறுக்க மாட்டேன். மூச்சு வாங்குகிற நேரம்கூட ஆகவில்லை. பாக் முல்யாத்மோ கண்ணை மூடினார், இரண்டு முறை தலையை ஆட்டினார், திறந்தார். "இதைத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டு வரேன்" என்றார். "இது வெள்ளம். இதை வெள்ளம்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும். குனார்சோ, அந்தக் காகிதம்."

குனார்சோவிடம் காகிதம் இருந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். எந்தக் கருத்துக்கும் தயாராக இருப்பது உதவியாளரின் வேலை. தண்ணீரில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். அந்தப் படம்தான் மறுநாள் எங்கும் வந்தது: மக்களோடு மக்களாக வெள்ளத்தில் நின்று கையெழுத்திடும் உறுப்பினர்.

பிறகு அவர் இறங்க வேண்டியிருந்தது. எப்படி இறங்குவது? வார்த்தினி மறுபடி தண்ணீருக்குள் போய்க் கையை நீட்டினாள். "பார்த்து வாங்க பாக், இங்க ஒரு பள்ளம்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தண்ணீர் தொடைக்கு வந்தது, பாத்திக் சட்டையின் விளிம்பு நனைந்தது. "ஆமா, பள்ளம்" என்றார். அதற்கு மேல் அன்று அவருக்குக் கருத்து எதுவும் இல்லை.

சாயங்காலம் பம்ப் ஓடத் தொடங்கியது. காலையில் சந்து தெரிந்தது. சேறும் செருப்பும் செத்த மீனுமாகத் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. நாலு நாள் ஓடியது. இரண்டாம் நாள் வார்த்தினி வீட்டுத் தரையைக் கழுவி, துடைத்து, விசிறி, மறுபடி துடைத்து, கார்யாதியைக் கட்டிலிலிருந்து இறக்கினாள். அவர் நல்ல காலை ஊன்றி, மற்றதை மெல்ல வைத்து, நின்றார். "ஜில்லுனு இருக்கு" என்றார். வார்த்தினி அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்தாள். மாத முடிவில் புண் மூடத் தொடங்கியதாக நர்ஸ் சொன்னார். கால் இருக்கிறது. விரல் ஐந்தும் இருக்கின்றன.

பாக் முல்யாத்மோ அடுத்த மன்றக் கூட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். முழங்கால் என்பது அறிவியலுக்குப் பொருத்தமான அளவு அல்ல, ஆளுக்கு ஆள் மாறுகிறது, ஆகவே இனி இடுப்பு என்று வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. குழு அமைத்திருக்கிறார்கள். வார்த்தினியிடம் இதைச் சொன்னேன். "எல்லாருக்கும் காப்பி போட வேண்டியதுதான்" என்றாள்.

கல் விஷயத்தை அவள் என்னிடம் சொன்னது சந்து காய்ந்த அன்று. அந்த இரண்டு கற்களையும் எடுத்துக் காட்டினாள். நன்றாக இருந்தன, வடகத் தட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அப்போதே, அங்கேயே, கைபேசி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் குட்டை உடைத்திருக்க வேண்டும், ஒரு மனு தயாரித்திருக்க வேண்டும், பத்திரிகைகளுக்கு நகல் அனுப்பியிருக்க வேண்டும், இது ஒரு ஆளின் பிரச்சினை அல்ல, மொத்த அமைப்பின் பிரச்சினை என்று அவளுக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சொல்லியிருந்தா அவரு மூஞ்சி போயிருக்கும். கையெழுத்து வந்திருக்குமா?"

"அதில்ல இபு, என்னோட கருத்து என்னன்னா..."

அவள் ஒரு வாளியை என் கையில் கொடுத்தாள். "பின்பக்கம் இன்னும் சேறு இருக்கு பாக் செக்ரெட்டரி. பேசிக்கிட்டே அள்ளுங்க."

அள்ளினேன். பேச்சு தானாக நின்றுவிட்டது. சேறு அள்ளுகிறவனுக்கு மூச்சுதான் முக்கியம்.

இவ்வளவு தூரம் படித்த உங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நீங்கள் நகர மன்றத்தில் இல்லை, பலகை நடவில்லை, உங்களுக்கு இரண்டு கைபேசியும் இருக்காது. ஆனாலும் படிக்கும்போது ஒரு இடத்தில் உங்களுக்குள் ஏதோ முணுமுணுத்தது அல்லவா? வார்த்தினி அப்படிச் செய்திருக்கக் கூடாது, இப்படிச் செய்திருக்கலாம், அல்லது செய்ததே சரி, ஏனென்றால் என்று? தாராளமாகச் சொல்லுங்கள், கேட்கிறேன். நாற்காலியில் சாய்ந்தபடியே சொல்லலாம், அவசரமில்லை. உங்கள் கால் காய்ந்துதானே இருக்கிறது.